ரகசிய அறை வைத்த டீப்பாய் செய்யக் கொடுக்கிறீர்களா? முதலில் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள்

உள்ளூர் மரத்தில் டீப்பாய் செய்யக் கொடுக்கப் போகிறவர்கள், அதிலும் ரகசிய அறை வேண்டும் என்று கேட்கிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

நான் கேட்டது வாகை மரம். அதன் வைரப்பகுதி, அதாவது மரத்தின் உட்பகுதி, நல்ல அடர்பழுப்பு, ரேகைகள் அழகாக ஓடும். மேல்பலகைக்குக் கீழே, பக்கச் சட்டத்தோடு சட்டமாகத் தெரிகிற மாதிரி ஒரு இழுப்பறை. அழுத்தினால் மட்டும் திறக்கும். "மரம் ரெண்டு வருஷம் காய்ஞ்சது தம்பி, பயப்படாம வாங்குங்க" என்றார் பட்டறைக்காரர். நம்பினேன். வந்த அன்றைக்கே அம்மாவின் பழைய கடிதங்களை அந்த அறைக்குள் வைத்தேன். அதற்காகத்தான் செய்யச் சொன்னதே.

இரண்டு மாதத்தில் இழுப்பறை இறுகிவிட்டது. ஃபோன் செய்தால், "புது மரம், போகப் போகச் சரியாயிடும்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அப்புறம் மேல்பலகை ஒரு முனையில் விரல் நகம் நுழையும் அளவுக்கு வெடித்தது. "மரம்னா வெடிக்கத்தான் செய்யும்" என்றார். அதன் பிறகு என் அழைப்பையே எடுக்கவில்லை.

ஒருநாள் பெருக்கும்போது டீப்பாய்க்கு அடியில் வெள்ளையாக ஏதோ குவிந்திருந்தது. கோலமாவு மாதிரி, விரலில் தேய்த்தால் வழுக்கும் பொடி. துடைத்தேன், மறுநாள் அதே இடத்தில் அதே குவியல். அடிப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்தால், குண்டூசித் தலை அளவில் ஓட்டைகள். எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன். சாவியால் சுரண்டிப் பார்த்தேன். பழுப்புச் சாயத்துக்குக் கீழே பலகை வெள்ளை வெளேரென்று இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் வைரம். மறைவான அறை முழுக்க வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளிப்பகுதி. கடிதங்களில் பலகையை ஒட்டிக் கிடந்த மூன்றில், வண்டு வெளியேறிய துளைகள் எழுத்துக்கு நடுவே இருந்தன.

இன்னொரு தச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெளிறில் மாவுச்சத்து அதிகம், உளுக்கும் வண்டு அதைத் தேடித்தான் முட்டையிடும் என்றார். வார்னிஷ் பூசிய பரப்பில் அதற்கு வழி கிடைக்காது. என் டீப்பாயில் வெளிப்பக்கம் பளபளவென்று வார்னிஷ், உள்ளே வெறும் சாயம். பொடி மாவு மாதிரி இருந்தால் இந்த வண்டு, குருணை குருணையாக உதிர்ந்தால் கரையான் வகை என்றும் சொன்னார்.

வெடிப்புக்குக் காரணம் வேறு. மரம் காயவே இல்லை. பச்சை மரத்தில் ஈரம் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும். வீட்டுக்குள் வைக்கிற சாமானுக்கு 8 முதல் 12 வரை இறங்கியிருக்க வேண்டும். காயும்போது பலகை அகலத்தில் சுருங்கும், நீளத்தில் அனேகமாகச் சுருங்காது. மேல்பலகையைச் சட்டத்தோடு வட்டத் துளையில் இறுக்கித் திருகியிருந்தார்கள். சுருங்க இடமில்லாமல் பிளந்துவிட்டது. திருகுத் துளையை அகலவாட்டில் நீள்துளையாகப் போட்டிருந்தால் பலகை நகர்ந்து கொடுத்திருக்கும். சட்டமும் முறுக்கிக்கொண்டதால்தான் இழுப்பறை இறுகியது.

ஆகவே சாயம் பூசுவதற்கு முன்பே பட்டறைக்குப் போய்ப் பலகையைப் பாருங்கள், மறைவறைக்கு ஒதுக்கிய பலகையை முக்கியமாக. ஈரத்தை அளக்கும் ஈரமானியைப் பலகையின் மேலே குத்திக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெளித்தோல் காய்ந்து உள்ளே ஈரம் இருக்கும். ஒரு முனையை அறுத்துப் புது வெட்டில் குத்தச் சொல்லுங்கள். வெளிறு கலந்துதான் ஆகும் என்றால், பலகைகளைப் பொருத்துவதற்கு முன்பே போராக்ஸ் கரைசலில் ஊறவைக்கச் சொல்லுங்கள். உள்பக்கமும் வார்னிஷ் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். மறைவறைக்கு அடிப்பலகையாக நல்ல பிளைவுட் போட்டாலும் தப்பில்லை. கடைசித் தவணையை, எல்லா அறையையும் திறந்து பார்த்த பிறகு கொடுங்கள். நான் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கே கொண்டு வந்தேன்.

வைரப் பலகைகளை மட்டும் பிரித்து, கட்டை வைத்து அடுக்கிக் காயப் போட்டிருக்கிறேன். வெளிறு முழுவதையும் எரித்தாயிற்று. கடிதங்கள் இப்போது தகரப் பெட்டியில் இருக்கின்றன.