ரஸ்ட்டில் ஸ்ட்ரக்டுக்குள் எதை வைப்பது: இரவலா, சொந்தமா?

ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதத் தொடங்கியவர்கள் சீக்கிரமே இந்த இடத்துக்கு வந்து சேர்வார்கள். ஸ்ட்ரக்டுக்குள், அதாவது பல தரவுப் புலங்களை ஒன்றாகக் கட்டிவைக்கும் வகைக்குள், கொஞ்சம் எழுத்து வைக்க வேண்டும். அதை, வேறிடத்தில் இருப்பதைச் சுட்டும் ரெஃபரன்ஸாக இரவல் வாங்கி வைப்பதா, நகலெடுத்துச் சொந்த ஸ்ட்ரிங்காக வைப்பதா? லாக் கோப்புகளை அலசும் ஒரு கருவியை நான் முதலில் இரவலில் எழுதினேன், பிறகு சொந்தத்துக்கு மாற்றினேன். ஆகவே என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஸ்ட்ரக்ட் நெடுநேரம் இருக்கப்போகிறது என்றால் சொந்தம்தான்.

வேகத்தில் இரவல்தான் ஜெயிக்கும், அதில் பேச ஒன்றுமில்லை. ஃபங்ஷனுக்குள் அனுப்பும்போதும் இரவலே சரி. கம்பைலர் (நிரலைச் சரிபார்த்து இயங்கும் வடிவுக்கு மாற்றும் கருவி) காட்டும் இ0382 (E0382) என்ற பிழை பெரும்பாலும் அங்கேதான் வரும்: ஸ்ட்ரிங்கை ஒரு ஃபங்ஷனிடம் கொடுத்துவிட்டு, அது கைமாறிப் போனதை மறந்து அடுத்த வரியில் மறுபடி தொடுகிறோம். அங்கே குளோன் (நகல்) போட்டுச் சமாளிப்பதைவிட, ஃபங்ஷனையே இரவலாக வாங்கிக்கொள்ளும்படி மாற்றுவது நல்லது.

ஸ்ட்ரக்ட் கதை வேறு. கோப்பு முழுவதையும் ஒரே ஸ்ட்ரிங்காகப் படித்து, ஒவ்வொரு வரியிலிருந்தும் நேரம், நிலை, செய்தி என மூன்று துண்டுகளை இரவலாக எடுத்து வைத்தேன். எல்லாம் மெயின் ஃபங்ஷனுக்குள் இருந்தவரை அருமையாக ஓடியது. படிக்கும் பகுதியைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்ததும் இ0515 வந்து நின்றது. ஃபங்ஷன் முடியும்போது ஸ்ட்ரிங் அழிந்துவிடும், அதன் துண்டுகளை மட்டும் எப்படி வெளியே அனுப்புவது? சரி, ஸ்ட்ரிங்கையும் துண்டுகளையும் ஒரே ஸ்ட்ரக்டில் போட்டு அனுப்பலாம் என்று பார்த்தால் இ0505. இரவல் கொடுத்திருக்கும் பொருளை இடம் மாற்றக் கூடாதாம்.

இந்த இ0505 என்னை நெடுநேரம் குழப்பியது. 64 பிட் கணினியில் ஸ்ட்ரிங் இடம் மாறும்போது நகர்வது சுட்டி, நீளம், கொள்ளளவு ஆகிய 24 பைட் மட்டுமே. ஹீப் என்ற நினைவகப் பகுதியில் உள்ள எழுத்துகள் அசைவதே இல்லை. அப்புறம் துண்டுகள் எப்படிக் கெடும்? கெடாதுதான். ஆனால் கம்பைலர் ஹீப்பைப் பார்த்துக் கணக்குப் போடுவதில்லை. இந்த மாறியிடமிருந்து இரவல் போயிருக்கிறது, இன்னும் திரும்பவில்லை. அதன் கணக்கு அவ்வளவுதான்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. இரவல் வைத்திருக்கும் ஸ்ட்ரக்டுக்கு, அந்த இரவல் எதுவரை செல்லும் என்பதைக் குறிக்கும் லைஃப்டைம் குறி வேண்டும். ஒன்றுக்குப் போட்டால், அதை உள்ளே வைத்திருக்கும் ஸ்ட்ரக்டுக்கும் போட வேண்டும், அதை வைத்திருக்கும் அடுத்ததற்கும் போட வேண்டும். எழுதும் நாளில் இது பாரமாகத் தெரியாது, தேவை மாறும் நாளில்தான் தெரியும். எனக்கு வந்த மாற்றம் இதுதான்: கோப்புகள் பெரிதாகிவிட்டன, இனி வரிவரியாகப் படிக்க வேண்டும். ஒரே பஃபரை (படித்ததைத் தற்காலிகமாக வைக்கும் ஸ்ட்ரிங்கை) காலி செய்து மறுபடி நிரப்புவது வழக்கம். காலி செய்யும் வரியிலேயே இ0502. அந்தப் பிழைச்செய்தி மூன்று இடங்களைக் காட்டும்: இரவல் போன இடம், மாற்ற முயன்ற இடம், இரவலை அதற்குப் பிறகும் பயன்படுத்தும் இடம். நான் மூன்றாவதைத்தான் முதலில் படிப்பேன். 2018 டிசம்பரில் ரஸ்ட் 1.31 பதிப்போடு வந்த 2018 எடிஷன் முதல், இரவல் கடைசியாகப் பயன்படும் இடத்தோடு முடிந்துவிடுகிறது. அந்த மூன்றாவது இடத்தை மேலே நகர்த்த முடிந்தால் பிழையும் போய்விடும். என்னால் முடியவில்லை, ஏனென்றால் எல்லாத் துண்டுகளும் கடைசியில் அறிக்கைக்கு வேண்டும்.

ஸ்ட்ரிங்காக மாற்றினேன். மூன்று புலங்களின் வகையையும் துண்டு எடுக்கும் வரிகளையும் திருத்திய பிறகு, மிச்ச வேலை லைஃப்டைம் குறிகளை அழிப்பது மட்டுமே. சாவியைக் கொண்டு மதிப்பைத் தேடும் அட்டவணையான ஹாஷ்மேப்பின் சாவி ஸ்ட்ரிங்காக மாறிய பிறகும் இரவல் துண்டைக் கொண்டே தேட முடிகிறது, அதனால் தேடும் வரிகளைத் தொடவே இல்லை. பின்னால் படிக்கும் வேலையைத் இணையாக ஓடும் தனி த்ரெட்டுக்கு அனுப்பியபோதும் ஸ்ட்ரக்டில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

துண்டுக்குப் பதில் அதன் தொடக்கத்தையும் முடிவையும் இரண்டு எண்களாக வைப்பது இன்னொரு வழி. இரவல் துண்டைப் போலவே 16 பைட்தான், லைஃப்டைம் தொல்லையும் இல்லை. ஆனால் கம்பைலரின் காவலும் போய்விடும். யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் 'க' என்ற ஓர் எழுத்துக்கே 3 பைட். எண் தவறி அதன் நடுவில் விழுந்தால், நிரல் ஓடும்போது பேனிக் ஆகி நின்றுவிடும். ஒரே எழுத்தைப் பலர் பகிர வேண்டுமென்றால் ஆர்சி (Rc) என்ற பகிர்வுச் சுட்டி இருக்கிறது, த்ரெட் தாண்ட வேண்டுமென்றால் ஆர்க் (Arc). ஆர்க்கை ஓரிரு சிறு நிரல்களில்தான் பயன்படுத்தியிருக்கிறேன், பெரிய சுமையில் அது எப்படி என்று அனுபவத்திலிருந்து சொல்ல என்னால் முடியாது.

என் கருவியில் ஒரே ஒரு ஸ்ட்ரக்ட் இன்னும் இரவலில் இருக்கிறது. ஒரு வரியைச் சொற்களாகப் பிரிப்பது அதன் வேலை. அடுத்த வரி வருவதற்குள் அது முடிந்துபோகும், அதன் லைஃப்டைம் குறி அந்த நிரல் கோப்பைத் தாண்டி எங்கும் போகவில்லை.