கன்டெய்னருக்குள் குரோம்: இரண்டு வருட அனுபவம்

நாற்பது சொச்சம் தளங்களிலிருந்து தினமும் டெண்டர் அறிவிப்புகளைத் திரட்டுவது என் வேலை. அதில் பாதித் தளங்களில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால்தான் பக்கமே நிரம்பும். எச்டிஎம்எல்லை மட்டும் இழுத்தால் வெறும் கூடுதான் கிடைக்கும். அதனால் 8 ஜிபி சர்வர் ஒன்றில் செலினியம் கிரிடை (பல பிரவுசர்களை ஸ்கிரிப்ட் வழியாக இயக்கும் கருவி) டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) போட்டு ஓட்டுகிறேன். வேலையைப் பங்கிட ஒரு ஹப், அதைச் செய்ய நான்கு குரோம் நோடுகள். பைத்தான் ஸ்கிரிப்ட் வேறொரு மெஷினில் இருந்துகொண்டு 4444 போர்ட் வழியாக வேலை வாங்கும்.

முதல் மாதம் படாத பாடு பட்டேன். சின்னப் பக்கங்கள் ஒழுங்காக வரும், படங்கள் நிறைந்த பக்கம் வந்தால் டேப் பொத்தென்று விழும். லாகைப் பார்த்தால் ‘டேப் கிராஷ்ட்’, அவ்வளவுதான். ராமைக் கூட்டிப் பார்த்தேன், காசு போனதுதான் மிச்சம். கடைசியில் ஷேர்ட் மெமரிதான் (பிராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் நினைவகம்) காரணம் என்று தெரிந்தது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் டாக்கர் ஒரு கன்டெய்னருக்கு 64 எம்பிதான் ஒதுக்கும். குரோமோ தன் பிராசஸ்களுக்கிடையே பெரிய தரவுகளை அதன் வழியாகத்தான் கைமாற்றுகிறது. 2 ஜிபி ஆக்கியதும் அடங்கிவிட்டது. செலினியம் இமேஜின் (கன்டெய்னரை எழுப்ப உதவும் அச்சு) குறிப்பிலேயே இது இருக்கிறது. படிக்காதது என் தப்பு.

அடுத்த தொல்லையும் நானே இழுத்துவிட்டதுதான். ஸ்கிரிப்ட் நடுவில் எர்ரர் அடித்து நின்றால் பிரவுசரை மூட ஆளில்லை. ஒரு நோடுக்கு ஒரு செஷன்தான் (ஒரு பிரவுசர் ஓட்டம்) இயல்புநிலை, சும்மா கிடக்கும் செஷன் கலைய 300 நொடி ஆகும். நான்கு எர்ரர் அடுத்தடுத்து வந்தால் கிரிடே ஐந்து நிமிஷம் ஸ்தம்பித்து நிற்கும். எது நடந்தாலும் பிரவுசரை மூடும் குவிட் ஓடுகிற மாதிரி, அதைப் பைத்தானின் ஃபைனலிக்குள் வைத்தேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 7900 போர்ட். கன்டெய்னருக்குள் ஓடும் பிரவுசரை நம் பிரவுசரிலேயே நேரடியாகப் பார்க்கலாம். ஒரு தளத்தில் ‘அடுத்த பக்கம்’ பட்டன் மட்டும் அழுந்தவே இல்லை. திறந்து பார்த்தேன்: குக்கி அனுமதி கேட்கும் பட்டை அதன் மேல் சப்பென்று உட்கார்ந்திருக்கிறது! லாகை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியுமா? ஆனால் அதன் இயல்பான பாஸ்வேர்டு ‘சீக்ரெட்’ என்பது ஊரறிந்த ரகசியம். அந்தப் போர்ட்டை வெளி உலகுக்குத் திறந்துவிடாதீர்கள்.

அப்புறம், தமிழ்ப் பக்கங்கள். எழுத்து சரியாகவே வந்தது, ஸ்கிரீன்ஷாட்டில் மட்டும் கட்டம் கட்டமாக இருந்தது. நான் எடுத்த இமேஜில் தமிழ் எழுத்துரு இல்லை. இமேஜைக் கட்டும் டாக்கர்ஃபைலில் ஒரு வரி சேர்த்து லோகித் தமிழ் எழுத்துருவைப் போட்டதும் சரியாகிவிட்டது.

இமேஜ் டேகில் ‘லேட்டஸ்ட்’ போடுவதை விட்டுவிட்டேன், பதிப்பு எண்ணோடுதான் இழுக்கிறேன். தினமும் விடியற்காலையில் நோடுகளை அழித்துப் புதிதாக எழுப்புகிறேன். குரோமை நாள்கணக்கில் ஓடவிட்டால் மெமரி ஏறிக்கொண்டே போகிறது. இப்போதெல்லாம் புதுத் தளம் வந்தால் முதலில் பிரவுசரின் நெட்வொர்க் டேபைத் திறந்து, பக்கத்துக்குப் பின்னால் ஜேசான் (நேரடியாகப் படிக்கக்கூடிய தரவு வடிவம்) வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால் பிரவுசரே வேண்டாம். அப்படி ஒன்பது தளங்களை கிரிடிலிருந்து இறக்கிவிட்டேன்.