வன்னிப் பாடசாலைகளுக்கு அன்பளிப்பாக வரும் இசைக்கருவித் தொகுதி: ஒரு மதிப்பீடு

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு நகரப் பாடசாலைகளுக்குப் பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர் நலன்விரும்பிகளும் வாங்கிக் கொடுக்கும் இசைக்கருவித் தொகுதியில் பெரும்பாலும் இருப்பவை: இரண்டு மிருதங்கம், நாலைந்து வயலின், ஓர் ஆர்மோனியம், எலெக்ரோனிக் சுருதிப்பெட்டி, ஒரு கீபோர்ட். கையளிப்பு விழாவில் மேசை நிறையும். இரண்டு மாரி கழிந்த பிறகும் சங்கீத வகுப்பில் இவற்றில் எவை ஒலிக்கும் என்பதை வைத்தே இங்கே எடைபோடுகிறோம்.

அதிகம் காசு வீணாவது மிருதங்கத்தில். சுருதி சொல்லாமல் வாங்குவதுதான் காரணம். ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் ஐந்து கட்டையை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு) ஒட்டிப் பாடுவார்கள். கொடுப்பவர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதை எடுத்தால் அது ஒன்று, ஒன்றரைக் கட்டைக்குரிய அகல வாய்க் கருவியாக இருக்கும். வாரை இறுக்கி அரைக் கட்டை அளவுக்கு ஏற்றலாம். அதற்கு மேல் இழுத்தால் வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், கிழியும். ஆகவே 'ஐந்து கட்டை' என்று பற்றுச்சீட்டிலேயே எழுதுவித்து, கடையில் சுருதிப்பெட்டியோடு தட்டிப் பார்த்து எடுக்க வேண்டும்.

கார்த்திகை, மார்கழி ஈரத்தில் தோல் தளரும். சோளகக் (தென்மேற்குக் காற்று) காலத்து வெக்கையில் விறைக்கும். தளர்ந்ததை வெயிலில் வைத்துச் சரிசெய்யப் பார்த்தால் வலந்தலை நடுவிலுள்ள கறுப்பு வட்டமான கரணை வெடித்துவிடும். இடந்தலையில் (இடப்பக்கத் தோலில்) பூசிய ரவையை வகுப்பு முடிந்ததும் வழித்துத் துடைக்காவிட்டால் கரப்பானும் எலியும் ரவையோடு தோலையும் தின்னும். ஒழுங்காகப் பாவித்தாலும் மூட்டு, அதாவது வாயை மூடிய தோல், தேயத்தான் செய்யும். மூட்டு அடிப்பவர் பக்கத்தில் இல்லாத பாடசாலைக்கு யாழ்ப்பாணம் கொண்டுபோய் வரும் செலவும் சேரும். அன்பளிப்புக் கடிதங்களில் இந்தச் செலவைக் காண்பது அருமை.

வயலினில் அளவுதான் முதற் கேள்வி. பிள்ளையின் கழுத்திலிருந்து நீட்டிய இடக்கையின் உள்ளங்கை நடு வரை ஏறக்குறைய 23 அங்குலம் இருந்தால் முழு அளவு. 22 அங்குலம் என்றால் முக்கால். ஆறாம் வகுப்பில் பலருக்கு முக்கால்தான் பொருந்தும், வருவதோ முழு அளவு. புது வில்லுக்கு ரொசின் என்ற பிசின் தேய்க்காவிட்டால் சத்தமே வராது. 'வயலின் பழுது' என்று அலுமாரிக்குள் போன கருவிகளில் சிலவற்றுக்கு வேறு குறையே இருக்காது. நாலு தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றினால் தந்திகளைத் தாங்கும் குதிரை சரியும், உள்ளே நிற்கும் சிறு மரக்குச்சியும் விழும், பிறகு அதை நிமிர்த்தத் தெரிந்தவரைத் தேட வேண்டும். ஒவ்வொன்றாகவே மாற்றுக. தந்தியை முறுக்கும் பிரடை வழுக்கினால் அதற்குக் கொஞ்சம் சோக்குத் தூள் போதும்.

இவ்வளவும் சரியாக இருந்து, அங்குள்ள ஆசிரியர் வாய்ப்பாட்டு மட்டும் படித்தவர் என்றால் வயலின் எதற்கு? வாங்க முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது. பல வேளை அதிபரோடு மட்டும் பேசி முடித்துவிடுகிறார்கள்.

கொடுத்த காசுக்கு முழுப் பயன் தருவது சுருதிப்பெட்டி. மின்சாரம் நின்றாலும் ஓடும் பற்றரி வகையை எடுக்கவும். பிளக் சதுர முள்ளா உருண்டை முள்ளா என்பதைப் பாடசாலைச் சுவரைப் பார்த்து முடிவுசெய்யவும். கனடாவிலிருந்து வரும் கீபோர்டின் அடப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் உரியதென்றால் நம் 230 வோல்ட்டில் எரிந்துபோகும். 100-240 என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. ஆனாலும் கர்நாடக சங்கீதப் பாடத்துக்குக் கமகம் (சுரத்தை அசைத்து இழைப்பது) பேசாத கருவி பெரிதாக உதவாது. ஆர்மோனியத்துக்கும் அதே குறை. துருத்தியை எலி கடிப்பது வேறு.

தொகுதியில் கூத்துக்கு எதுவுமே இல்லாததுதான் எங்களுக்குப் பெரிய மனவருத்தம். கோவலன் கூத்து ஆடும் முல்லைத்தீவில், நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாக இருக்கும் பாடசாலைக்கு, ஒரு மத்தளமோ ஒரு சோடி தாளமோ வருவதில்லை. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரை வரவழைத்துப் பழக்கப் போக்குவரத்தும் சன்மானமும் கொடுத்தால், பிள்ளைகள் தங்கள் ஊர்க் கலையையே மேடையேற்றுவார்கள்.

பொருள் பதிவேட்டில் ஏறியதும் உடைந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்று அதைப் பூட்டி வைப்பதும் நடக்கிறது. கையளிப்புக் கடிதத்தில் 'மாணவர் அன்றாடப் பாவனைக்கு. தேய்மானம் எதிர்பார்க்கப்பட்டதே' என்ற வரி இருந்தால் அந்தப் பயம் குறையும்.

இப்போதைய தொகுதிக்கு ஐந்தில் இரண்டு புள்ளி. அதே தொகைக்கு நாங்கள் சொல்வது: ஐந்து கட்டை மிருதங்கம் ஒன்று, சுருதிப்பெட்டி இரண்டு, மத்தளமும் தாளமும், எலி புகாத வலையடித்த அலுமாரி ஒன்று. வயலின், சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தால் மட்டும், பிள்ளைகளை அளந்த பிறகு. மொத்தத்தில் மூன்றிலொரு பங்கை மூட்டு, தந்தி, அண்ணாவியார் செலவுக்கென்று பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கில் தனியாக எழுதி வைத்து, ஒவ்வொரு ஆண்டும் மாரி முடிந்து தை பிறந்ததும் கருவிகளைப் பார்த்துச் செலவிட வேண்டும்.