கோர்டென் ஸ்டீல் கேட் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: என் 1,85,000 ரூபாய் போச்சு

வயிறு எரிகிறது. கொழிஞ்சாம்பாறையில் எங்கள் புது வீட்டுக்குக் கோர்டென் ஸ்டீலில் கேட்டும் தூண்களும் செய்ய, கஞ்சிக்கோடு போகிற வழியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் 1,85,000 ரூபாய் கட்டினேன். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் வெல்டிங் வைத்த இடமெல்லாம் உதிர்கிறது.

பெயிண்டே வேண்டாம் என்றுதான் இந்த இரும்பை வாங்குகிறோம். செம்பு, குரோமியம், நிக்கல் கொஞ்சம் கலந்திருப்பதால், நனைந்து காய்ந்து மேலே படிகிற கெட்டித் துருவே உள்ளே இருப்பதைக் காக்கும். ஜாயிண்டுக்கும் அதே மாதிரி கலவை உள்ள வெல்டிங் ராடு, 8018-டபிள்யூ2 மாதிரி, போட வேண்டும். இதைக் கேட்டேன். ஓனர் தகட்டின் மில் சர்டிஃபிகேட்டை (உருக்காலை தருகிற கலவைச் சான்று) மேசையில் விரித்து, செம்பு அளவை விரல் வைத்துக் காட்டினார். "ராடும் இதே இனம்தான் சார். நாம ரெண்டு பேரும் தமிழ் ஆளுங்க, உங்களுக்குப் போய் மாத்துவேனா?" அந்தப் பேச்சுக்காகவே முழுப் பணத்தையும் அன்றே கொடுத்தேன்.

இப்போது தகடு கருஞ்சிவப்பாக, கையில் ஒட்டாமல் இருக்கிறது. ஜாயிண்ட் மட்டும் செங்காவி நிறம். நகத்தால் சுரண்டினால் ஏடு ஏடாக வருகிறது, அடியில் குழி. வேறொரு வெல்டரைக் கூட்டிவந்தேன். மோட்டார் ரூமில் அவர்கள் விட்டுப்போன ராடு பாக்கெட்டைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: 6013. சாதா இரும்புக்குப் போடுவது. சுற்றிலும் அரிப்பு தாங்கும் பெரிய தகடு, நடுவே தாங்காத உலோகம் ஒரு கோடு. ஈரம் பட்டால் அந்தக் கோட்டைத்தான் முதலில் தின்னும்.

போன் செய்தால், "துருப்பிடிக்கிற இரும்புதானே சார், துரு வந்தா நல்லது" என்றார். அப்புறம், "உங்க பக்கம் மழை ஜாஸ்தி." பாலக்காட்டு ஜில்லாவிலேயே மழை குறைந்த பக்கம் எங்களுடையது! அடுத்து, "ஒரே பாஸ் ஜாயிண்டுக்கு சாதா ராடு போதும்." (பாஸ் என்றால் ராடை ஒரு தடவை ஓட்டி வைக்கிற வெல்டிங்.) சின்ன ஜாயிண்டில் தகடே உருகிக் கலப்பதால் 7018 என்ற சாதா இரும்பு ராடு போடலாம், உண்மைதான். ஆனால் என் தூண் அடித்தகடு 10 மி.மீ., பாஸ் மேல் பாஸ் வைத்தது. போட்டதும் 7018 இல்லை. கடைசியில், கிரைண்ட் செய்து பெயிண்ட் அடிக்க இன்னும் 15,000 கேட்டார். இப்போது போனையே எடுப்பதில்லை.

1,85,000 ரூபாய்! பில்லில் 'கேட் வேலை' என்று ஒரே வரி.

ராடு நம்பரைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வெல்டிங் நடக்கும்போதே பாக்கெட்டைப் போட்டோ எடுங்கள். ஒரு மழை பார்க்கும் வரை பாதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.