நுகர்வோர் ஆணையமா, போட்டி ஆணையமா (சிசிஐ): புகாரை எங்கே கொடுப்பது?

"மிக்ஸி வாங்கி மூணு நாள்தான் ஆச்சு, ஜார் ஒழுகுது. கடைக்காரர் மாத்தித் தர மாட்டேங்குறார். சிசிஐ-க்கு எழுதிப் போடலாமா?" பக்கத்து வீட்டு அக்கா பில்லோடு வந்து கேட்டார். வேண்டாம் அக்கா, இது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டியது.

எதற்கு: நுகர்வோர் ஆணையம் நீங்கள் வாங்கிய பொருளின் குறையைப் பார்க்கும். இந்தியப் போட்டி ஆணையம், அதாவது சிசிஐ, சந்தையைப் பார்க்கும்: கம்பெனிகள் கூடிப் பேசி விலை வைப்பது, பெரியவர் சின்னவரை நசுக்குவது.

செலவு: 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. சிசிஐ-யில் கட்டணம் உண்டு.

புகார் கொடுக்கக் கெடு: நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டு, சிசிஐ-யில் 3.

கையில் கிடைப்பது: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சிசிஐ போடும் அபராதம் அரசுக்குத்தான் போகும். 2022-ல் ஆண்ட்ராய்டு (கூகுளின் போன் மென்பொருள்) வழக்கில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. போன் வைத்திருப்பவருக்கு அதில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. ஆனால் போனில் தேடுபொறியை நாமே தேர்ந்தெடுக்க வழி பிறந்தது. அது சின்ன விஷயமில்லை.

காசு திரும்ப வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம். ஊரிலுள்ள டீலர்கள் எல்லாம் பேசிவைத்து விலையேற்றியதற்கு ஆதாரம் இருந்தால் சிசிஐ.