வைக்கிக்கியில் வாடகை போர்டு: விட்டுப்போனவர்கள் மறுபடி தொடங்க ஏற்ற இடமா?

ஹவாயின் ஹோனலூலுவில் இருக்கும் வைக்கிக்கி கடற்கரையில் சர்ஃப் போர்டு (அலைச்சறுக்குப் பலகை) வாடகைக்கு விடும் கடைகளைப் பற்றிப் படித்தால், முக்கால்வாசிப் பேர் ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருப்பார்கள். முதல் வகுப்பிலேயே எழுந்து நின்றுவிட்டேன், சொல்லிக்கொடுத்தவர் தங்கமானவர், ஐந்து நட்சத்திரம். அதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். எனக்கு வேண்டிய தகவல் மட்டும் அதில் இல்லை. ஏற்கனவே கொஞ்சம் தெரிந்து, பல வருஷம் விட்டுப்போய், நாற்பத்தெட்டு வயதில் மறுபடி இறங்க நினைக்கிற ஒருத்திக்கு அந்தக் கடைகள் எப்படி? அதை இங்கே எழுதுகிறேன். ஒரு கடையை மட்டும் வைத்துச் சொல்லவில்லை; ஒன்றுக்கு மேற்பட்ட கடைகளில் எடுத்துப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் பெயர்களை விட்டுவிடுகிறேன்.

நான் கற்றுக்கொண்டது சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், முப்பதுகளின் கடைசியில். மீனவர் வீட்டுப் பையன்கள்தான் வாத்தியார்கள். "அக்கா, காலைப் பார்க்காதீங்க, கரையைப் பாருங்க" என்று கத்திக் கத்தியே நிற்க வைத்தார்கள். அப்புறம் மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனது, ஊரடங்கு வந்தது, அதற்கும் பிறகு வலது தோள் இறுகிப்போய் ஜடை பின்னக்கூடக் கை பின்னால் போகாத ஒரு காலம். பிசியோதெரபி முடிந்து தோள் திரும்பியது, ஆனால் கோவளத்துக்கு நான் திரும்பவில்லை. கணவருக்கு ஹோனலூலுவில் ஒரு மாநாடு என்றதும் நானும் ஒட்டிக்கொண்டேன்.

முதலில் அலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காசு கொடுப்பது போர்டுக்கு என்றாலும் அங்கே போவது அலைக்காகத்தான். கோவளத்தில் கரையோரம் நான் பழகிய அலை, மணல்மேட்டில் திடீரென்று எழும்பி மொத்தமாக மடிந்து விழும். எழுந்து நிற்க ஓரிரு விநாடிதான் கிடைக்கும். வைக்கிக்கியில் கரையிலிருந்து வெகுதூரம்வரை ஆழமில்லாத பாறைத் தளம். அலை தூரத்திலேயே பாறையில் தட்டி, மேல்விளிம்பு மட்டும் நுரைத்துச் சரிந்துகொண்டு, நிதானமாக நெடுந்தூரம் வரும். வடகிழக்கிலிருந்து வீசும் காற்று தீவைத் தாண்டி வந்து இங்கே கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிப்பதால் அலையின் முகம் கலையாமல் நிற்கிறது. நான் போனது ஜூன் மாதம். அது தென்கோளத்துக்குக் குளிர்காலம். நியூசிலாந்துப் பக்கம் அடிக்கும் புயல்களின் அலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து சேரும் பருவம். டிசம்பர், ஜனவரியில் போனால் இந்தப் பக்கம் அலை சின்னது. அப்போது தொலைக்காட்சியில் காட்டும் ராட்சத அலைகளெல்லாம் அதே தீவின் வடகரையில். அந்தப் பக்கம் நமக்கு வேடிக்கை பார்க்க மட்டும்.

கடைகள் மணலிலேயே இருக்கின்றன. அடையாளத்துக்கு டியூக் கஹானாமோக்குவின் வெண்கலச் சிலையை வைத்துக்கொள்ளுங்கள். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கியவர், சர்ஃபிங்கைத் தீவுக்கு வெளியே பரப்பியவர். 1990இல் வைத்த அந்தச் சிலை கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. சர்ஃபர் எவரும் கடலுக்கு முதுகு காட்ட மாட்டார் என்று உள்ளூர்க்காரர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். நியாயமான சண்டை.

வாடகை என்னிடம் வாங்கியது இரண்டு மணி நேரத்துக்கு 35 டாலர். கோவளத்துக் கணக்கில் பார்த்தால் வயிறு எரியும்; அந்த ஊர் காப்பி விலையைப் பார்த்த பிறகு எரிச்சல் அடங்கிவிடும். போர்டு எல்லாம் மேலே மெத்தென்ற ஃபோம் வைத்தது, ஒன்பது அடியிலிருந்து பதினொரு அடிவரை. நான் ஒன்பது அடி கேட்டேன். கடைக்காரர் என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பதினொரு அடியை உருவி மணலில் போட்டார். எங்கள் மொட்டைமாடிக் கதவைவிடப் பெரியது. அக்குளுக்கு அடங்காது, கை சுற்றிப் பிடிக்காது. தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். ஆனால் அவர் பார்வை சரி. திரும்ப வருகிறவர்கள் தன்மானம் பார்க்காமல் பெரிய போர்டையே எடுங்கள். பெரிய போர்டு மெதுவாகத் திரும்பும், உண்மைதான். அதே பருமன்தான் தோளில் பாதி பலத்தோடு கையால் துடுப்புப் போடுகிறவளையும் அலைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

எடுக்கும்போது இரண்டை மட்டும் பாருங்கள். போர்டின் அடியில் மீன் செதில்போல நீட்டிக்கொண்டிருக்கும் ஃபினை விரலால் ஆட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது. அடுத்தது லீஷ், அதாவது போர்டைக் காலோடு பிணைக்கும் கயிறு. எனக்குக் கொடுத்த போர்டில், கணுக்காலில் கட்டும் ஒட்டுப்பட்டை முழுக்க மணல் அடைத்துப்போய் இருந்தது. அழுத்தினால் பிடிக்கிறது, இழுத்தால் சர்ரென்று பிரிந்துவிடுகிறது. கயிறும் பலமுறை இழுபட்டு ஒரு இடத்தில் மெலிந்து வெளுத்திருந்தது. மாற்றித் தாருங்கள் என்றேன், முகம் சுளிக்காமல் மாற்றினார்கள். கேட்காதவர்களுக்கு அதே போர்டு போயிருக்கும் என்பதுதான் என் குறை. அவ்வளவு கூட்டத்தில் லீஷ் அறுந்தால் பதினொரு அடி போர்டு நேரே கரையோரம் விளையாடும் குழந்தைகள் பக்கம்தான் போகும்.

பயிற்சி விஷயத்தில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கூட்டு வகுப்பு, தனி வகுப்பு என்று இரண்டு. இரண்டுமே முதல்முறை வருகிறவர்களை நினைத்து அமைத்தவை. மணலில் பத்து நிமிடம் குப்புறப் படுத்து எழுந்து பழக வேண்டும். பிறகு உள்ளே கூட்டிப்போய், அலை வரும் நேரம் பார்த்துப் பயிற்சியாளர் போர்டின் வாலைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளுவார். நீங்கள் எழுந்து நிற்பீர்கள், படம் எடுப்பவர் படம் எடுப்பார். அந்தத் தள்ளுக்குத்தான் காசு. அலை எங்கே உடையும், எப்போது கையைப் போட ஆரம்பிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்ற கஷ்டமான பாதி முழுவதையும் அவரே செய்து முடித்துவிடுகிறார். முதல்முறை வருகிறவருக்கு அது சரி. எனக்கு மறந்துபோனதே அந்தப் பாதிதான்.

ஆகவே தனி வகுப்புக்கு (ஒன்றரை மணி நேரம், 150 டாலர்) பணம் கட்டும்போதே சொன்னேன்: தள்ளாதீர்கள், எங்கே உட்கார வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். கல்லாவில் இருந்த பெண்ணுக்குப் புரியவில்லை. எனக்கு அமைந்தவர் அறுபதைத் தாண்டியவர், எல்லோரும் அங்கிள் என்று கூப்பிடுகிறார்கள். அவர் என்னை ஆன்ட்டி என்றார். சென்னையில் காய்கறிக் கடையில் அப்படிக் கூப்பிட்டால் வேறு கடைக்குப் போகிறவள் நான். அங்கே பெரியவர்களைக் கூப்பிடும் முறையே அதுதான் என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன்.

என் முக்கியமான பிரச்சினை தோள்கூட இல்லை, கண். கண்ணாடி இல்லாமல் தூரத்துக் கடல் எனக்கு ஒரே சாம்பல் நிறம். அலைக்கூட்டம் வருவதே பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். அதற்குள் கையைப் போட நேரம் இருக்காது. அங்கிளிடம் சொன்னேன். அலையைப் பார்க்காதே, ஆட்களைப் பார் என்றார். உனக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் சட்டென்று குப்புறப் படுத்து கடல் பக்கமாகத் துடுப்புப் போட ஆரம்பித்தால் பெரிய அலைகள் வருகின்றன என்று அர்த்தம். அவர்கள் அசையாமல் இருந்தால் நீயும் அசையாதே. அதோடு, கரையில் முன்னால் இருக்கிற ஒரு கட்டடத்தின் மூலையையும் அதன் பின்னால் இருக்கிற உயரக் கட்டடத்தின் விளிம்பையும் காட்டி, இரண்டும் ஒட்டித் தெரியும் இடத்தில் உட்கார் என்றார். நீரோட்டம் தள்ளிக்கொண்டே இருக்கும், அந்த இரண்டும் பிரிந்தால் நகர்ந்துவிட்டாய் என்று அர்த்தம். நம் மீனவர்கள் தென்னையையும் கோபுரத்தையும் சேர்த்துப் பார்த்துக் கடலில் இடம் பிடிப்பார்களே, அதே வேலை. கட்டடங்கள் கண்ணாடி இல்லாமலும் எனக்குத் தெரியும். 150 டாலருக்கு நான் வாங்கியது இந்த இரண்டு விஷயம், இதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

எழுந்து நிற்பதற்கும் ஒரு சலுகை கொடுத்தார். முட்டியை முதலில் ஊன்றி எழுந்தால் கோவளத்தில் திட்டு விழும். இங்கே, முட்டி வை, அலை காத்திருக்கும் என்றார். நிஜமாகவே காத்திருந்தது. போர்டின் வால் தூக்குகிறது, பிடித்துவிட்டோம் என்று கை நிற்கப் பார்க்கிறது. அப்போது இன்னும் இரண்டு வீச்சு போட வேண்டும், மோவாயைப் போர்டில் அழுத்திக்கொண்டு. வலது தோள் உள்ளே எங்கேயோ கரகரத்தது. பிறகு போர்டு தானாக வழுக்க ஆரம்பித்தது, துடுப்பே வேண்டியிருக்கவில்லை. இடது முட்டி, வலது பாதம், அப்புறம் மெதுவாக மற்றப் பாதம். நிற்கும்போது முதுகு கொக்கி மாதிரி வளைந்திருந்திருக்கும், சந்தேகமே இல்லை. அலையோ நின்று நிதானித்து என் தலை நிமிரும்வரை ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பித் துடுப்புப் போட்டுப் போவதற்கான தூரத்தைப் பார்த்தபோதுதான் எவ்வளவு நீளம் வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. தோளுக்கு அதுதான் பெரிய சோதனை. ஒரு அலைக்குப் பிறகு உட்கார்ந்து ஓய்வெடுப்பதற்குத் தயங்காதீர்கள்.

குறைகளில் முதலிடம் கூட்டத்துக்கு. சிலைக்குப் பக்கத்தில் இருக்கும் அலைக்கு கனூஸ் (துடுப்புப் படகுகள்) என்று பெயர். உள்ளூர் துடுப்புப் படகுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு அதே அலையில்தான் இறங்குகின்றன. படகுக்கு வழி விட வேண்டும், அது உங்களுக்காகத் திரும்பாது. வகுப்புகள் நிறையத் தொடங்கும் பத்து மணிக்கு மேல் ஒரே அலையில் ஏழெட்டுப் பேர் வரிசையாக வருவார்கள், பாதிப் பேருக்குத் திருப்பத் தெரியாது. கடை திறக்கிற நேரத்துக்கே போய்விடுங்கள். கிழக்கே பக்கத்திலிருக்கும் குவீன்ஸில் அலை இன்னும் அழகாக உடையும், ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கைதேர்ந்தவர்கள். நான் போகவில்லை.

கீழே பாறை. விழும்போது தட்டையாக விழ வேண்டும். காலை ஊன்றவோ தலைகீழாகப் பாயவோ கூடாது. பாறை இடுக்கில் முள்ளெலி போன்ற கடல் உயிரிகள் உண்டு, ரப்பர் செருப்பு கேட்டால் தருகிறார்கள். தண்ணீர் வெதுவெதுப்பு, முழுக்கை ராஷ் கார்டும் (உடம்போடு ஒட்டும் நீச்சல் சட்டை) கணுக்கால்வரை லெக்கிங்ஸும் போதும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சன்ஸ்கிரீனை ஊரிலிருந்து எடுத்துப் போகாதீர்கள். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்ததை விற்கக் கூடாது என்று 2021 ஜனவரி முதல் அங்கே சட்டம், பவளத்துக்குக் கெடுதல் என்பதால். அங்கேயே துத்தநாகம் கலந்ததை வாங்கலாம், முகம் விபூதி பூசியதுபோல் வெளுக்கும்.

கடைக்காரர்கள் தாங்களாகச் சொல்லாத ஒன்று: பௌர்ணமிக்கு எட்டு முதல் பத்து நாள் கழித்துப் பெட்டி ஜெல்லி மீன்கள் இந்தக் கரைக்குக் கூட்டமாக வரும். கொட்டினால் கடுமையாக வலிக்கும். பயணத் தேதியைப் போடும்போதே நாள்காட்டியைப் பார்த்துவிடுங்கள். அந்த நாட்களில் கரையில் எச்சரிக்கைப் பலகை வைக்கிறார்கள். நான் அதைப் பார்த்த அன்று இறங்காமல் நடந்துவிட்டு வந்தேன்.

கண்ணாடி வைக்க எந்தக் கடையிலும் தனி இடம் இல்லை. செருப்பும் பையும் கிடக்கிற அதே பெட்டியில் போடச் சொல்வார்கள். கெட்டியான உறை கொண்டுபோங்கள்.

பயிற்சியாளருக்கு டிப்ஸ் எதிர்பார்ப்பார்கள், நான் அங்கிளுக்கு முப்பது கொடுத்தேன், மனசாரக் கொடுத்தேன். படத்துக்குத் தனியாக அறுபது டாலர். திரையில் ஓட்டிக் காட்டினார்கள். நிற்கிற படங்கள் எல்லாமே மற்றவர்கள் படங்கள் மாதிரியேதான் இருந்தன, கையை விரித்துக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு. ஒன்றில் மட்டும் குப்புறப் படுத்து, வாயைத் திறந்துகொண்டு, அலைக்கு முன்னால் வலது கையை முழுசாக நீட்டியிருக்கிறேன். அந்த ஒன்றைக் கேட்டேன். தனியாகத் தர மாட்டார்களாம், முழுத் தொகுப்பையும் எடுக்க வேண்டுமாம். வாங்கவில்லை.