ஆளி விதையா, அவித்த முட்டையா: ஆபரேஷனுக்கு முந்தைய மூன்று வாரம்

சித்தப்பாவுக்குப் பெருங்குடலில் புற்று. ஆபரேஷனுக்குத் தேதி குறித்தபோது கையில் மூன்று வாரம் இருந்தது. தாராவி வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு பத்தியம் சொல்லிவிட்டுப் போனார்கள். சலித்தெடுத்ததில் மிஞ்சியவை மூன்று: சோற்றையும் சர்க்கரையையும் அடியோடு நிறுத்துவது, ஆளி விதைப் பொடி, புரதத்தைக் கூட்டுவது. நாங்கள் போனது மூன்றாவது வழி, அதனால் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

சோற்றை நிறுத்துவது பற்றிப் பேச அதிகமில்லை. சர்க்கரை கிடைக்காவிட்டால் புற்று பட்டினியில் சாகும் என்பது அதைச் சொன்னவர்கள் கணக்கு. ஆனால் உடம்பு தசையைக் கரைத்தாவது ரத்தத்தில் குளுக்கோஸை வைத்துக்கொள்ளும். புற்றைப் பட்டினி போடப்போய் ஆள்தான் இளைப்பார்.

ஆளி விதையை அப்படித் தள்ள முடியாது. அமெரிக்காவில் ஆபரேஷனுக்குக் காத்திருந்த 161 புராஸ்டேட் புற்று நோயாளிகளிடம் சுமார் 30 நாள் சோதித்தே பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது. தினம் 30 கிராம் சாப்பிட்டவர்களின் கட்டியில் செல்கள் பெருகும் வேகம் குறைவு. ஆனால் அளந்தது அந்த வேகத்தை, ஆயுளை அல்ல. மேலும், குடல் குறுகியிருந்த சித்தப்பாவுக்கு நார்ச்சத்தே வேண்டாம் என்றுவிட்டார் டயட்டீஷியன்.

எங்களுக்குத் தீர்ப்புச் சொன்னது மெடிக்கல் ஷாப் எடை மெஷின். ஆறு மாதத்தில் 64 கிலோ 57 ஆகியிருந்தது. பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கியவருக்கு, பெரிய ஆபரேஷனைத் தள்ளிவைத்தாவது 7 முதல் 14 நாள் ஊட்டம் கொடுக்கச் சொல்கிறது ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதல். தையல் ஆறவும், கிருமியை எதிர்க்கவும், எழுந்து நடக்கவும் தசைதான் கையிருப்பு. கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் புரதம் என்றால் இவருக்கு தினம் 57 முதல் 85 கிராம். ஒரு முட்டையில் இருப்பதோ ஆறு! சித்தி காலையில் இரண்டு முட்டை, மதியம் வஞ்சிரம் (இங்கே சுர்மை), ராத்திரி பனீர் என்று பங்கு பிரித்தார். புரதப் பவுடரைக் கொதிக்கிற கஞ்சியில் கொட்டி, அது கட்டி தட்டிப்போனது. அப்புறம் ஆறின பாலில் கரைத்து ஊற்றினார்.

நான் பார்த்தது ஒரே நோயாளியைத்தான். விழுங்கவே முடியாத தொண்டைப் புற்று என்றால் கதை வேறு. கிட்னி கோளாறு இருந்தால் புரதக் கணக்கை டாக்டர்தான் போட வேண்டும்.

அட்மிட் ஆகும் அன்று 58.2. கூடியதில் எவ்வளவு தசை, எவ்வளவு தண்ணீர் என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் இறக்கம் நின்றிருந்தது. கடைசி முட்டையைத் தள்ளிவைத்துவிட்டு சித்தப்பா சொன்னார்: "இன்னொண்ணு தந்தா கூவிருவேம்ல!"